சுவருக்குக் கொடுத்தது

ஒரே ஆள் ஒரே நாளில் எழுபத்துநான்கு தடவை வந்து பார்க்கும்படி அவளுடைய இணையதளத்தில் ஒன்றுமே கிடையாது.

அது அவளுக்கே தெரியும். மொத்தம் ஏழு பக்கம். குடியிருக்கும் வாடகை வீட்டை அவளே டேப் பிடித்து அளந்து வரைந்த ஏழு படம். வாசல் 01, ஹால் 02, சமையலறை 03, நடைவழி 04, படுக்கையறை 05, அவள் உட்கார்ந்து வேலை செய்யும் அறை 06, அதை ஒட்டிய குளியலறை 07. அறைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பக்கம். முகப்பில் ‘பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் தயாரித்துத் தரப்படும்’ என்று ஒரு வரி, அதன் கீழே கைப்பேசி எண். கல்யாண ஆல்பமா என்ன, ஒருத்தர் உட்கார்ந்து எழுபத்துநான்கு தடவை புரட்ட?

ஆனாலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கவுண்டர் அப்படித்தான் காட்டியது. வந்தவர் 1. பார்த்த தடவை 74.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒன்றுக்காகத்தானே இவ்வளவு பாடும். பதினைந்து நாளைக்கு முன்பு, கைப்பிடி வைக்காத ஒரு மாடிப்படியை அளக்கப் போய், டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடியே பின்னால் ஓர் அடி வைத்தாள். அங்கே படி இல்லை. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. அவள் வேலை பார்த்த வரைபட ஆபீஸில் “குணமாகி வாங்க, பார்க்கலாம்” என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ எந்த ஊர்ப் ‘பார்க்கலாம்’ என்று அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம், அதனால்தான் இணையதளம். கட்டட ஒப்பந்தம் எடுக்கும் ஓர் அம்மா, பதினெட்டு பழைய வீடுகளை அளந்து வரைய ஆள் தேடுவதாகச் சொல்லி, “உங்க சைட்டை அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார். திங்கட்கிழமை அனுப்பிவிட்டாள். பார்த்தாரா, இல்லையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் ஒரு வாய் காப்பிகூட நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை.

தம்பிக்கு இணையதள வேலைதான் பிழைப்பு. அன்றே அவனிடம் கேட்டிருந்தாள்.

“பெருசா எதுவும் வேண்டாம்டா. அந்தம்மா வந்தாங்களா இல்லையானு தெரிஞ்சா போதும்.”

“வர்றவங்களைக் கண்காணிக்கிற கருவி மூணு இருக்குக்கா. ஒண்ணு பெரிய கம்பெனியோடது. காசு கிடையாது, ஆனா வர்றவன் என்ன சட்டை போட்டிருக்கான்ங்கிற வரைக்கும் நோண்டும். ரெண்டாவது வெறும் கவுண்டர், எண்ணிக்கை மட்டும். மூணாவது ரெண்டுக்கும் நடுவுல. எந்தப் பக்கம் பார்த்தாங்க, எவ்வளவு நேரம் நின்னாங்க, எங்கேர்ந்து வந்தாங்க, அவ்வளவுதான்.”

பெரிய கம்பெனியுடையதைப் போட்டுப் பார்த்தாள். விமானி உட்காரும் இடம் மாதிரி நாற்பது பட்டன். போதாக்குறைக்கு, வருகிறவர்களிடமெல்லாம் ‘உங்களைக் கவனிக்கலாமா’ என்று அனுமதி கேட்டு ஒரு பலகை வேறு நீட்டச் சொன்னது. வேலை கேட்டு நிற்பவள் வாசலிலேயே வழி மறிப்பதா? ஒரு டீ ஆறுவதற்குள் அதைக் கழற்றிவிட்டு வெறும் கவுண்டரைப் போட்டாள். ஒரே வரி. ஒட்டினால் தீர்ந்தது.

அந்த வெறும் எண்ணோடு நின்றிருக்கலாம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே நூற்றுப்பன்னிரண்டு என்றது கவுண்டர். ஒப்பந்தக்கார அம்மாவுக்கு வேறு வேலை வெட்டியே இல்லையா? தம்பியைக் கூப்பிட்டதும் அவன் சிரித்தான்.

“அக்கா, அது நீதான். எல்லாரும் பண்றதுதான் இது. தன் சைட்டைத் தானே நூறு தடவை பார்த்துட்டு, ஆஹா, கூட்டம் அலைமோதுதுனு நினைச்சுக்குவாங்க. மூணாவதைப் போடு. அதுல ‘இந்தக் கணினியைச் சேர்க்காதே’னு ஒரு கட்டம் இருக்கு. டிக் பண்ணிடு.”

அவமானமாக இருந்தது. போட்டாள். கட்டத்தில் டிக் வைத்தாள். தன் தளம் திறந்திருந்த சன்னலை மூடினாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் பக்கத்தில், ‘இப்போது பார்ப்பவர்: 1’.

வேலை அறை ரொம்பச் சின்னது. முன்னால் மேசை, மேசைக்கு மேலே கம்பி போட்ட ஒரே சன்னல், சன்னலுக்கு வெளியே மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். அவளுடைய வாடகைச் சக்கர நாற்காலியின் முதுகு பின்சுவரை முட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரின் இடது கோடியில் கதவு. கதவுக்கு அப்பால் நடைவழி. நடைவழியிலிருந்து அறைக்கு ஒரு படி இறக்கம், பதினேழு சென்டிமீட்டர், அவளே அளந்ததுதான். காலையில் அவள் கணவன் நாற்காலியை அந்தப் படியில் இறக்கி, மேசைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டுவிட்டுப் போவான். பிரேக் இறுகிப்போன பழைய பிரேக். அவன் குனிந்து, மூச்சைப் பிடித்து இழுத்தால்தான் ‘டக்’ என்று விடும். குளியலறைக்கு வாக்கரை ஊன்றி நாலு எட்டு தத்திப் போய்விடுவாள். படி ஏற மட்டும் முடியாது. ஒருமுறை முயன்று பார்த்து, தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டதோடு சரி. வாசலை வெளியே பூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போகிறவன் ஆறு மணிக்கு வருவான். அதுவரை அவள் இந்தப் பன்னிரண்டுக்கு எட்டு அடிக்குள்.

பச்சைப் புள்ளிக்குக் கீழே, அந்த ஒருவர் போன வழி வரிவரியாக விழுந்திருந்தது.

08 — பக்கம் இல்லை.
08 — பக்கம் இல்லை.
08 — பக்கம் இல்லை.
04 — நடைவழி. 40 நொடி.
03 — சமையலறை. 3 நிமிடம்.
04 — நடைவழி.
08 — பக்கம் இல்லை.

எட்டா? அவள் வரைந்தது ஏழுதானே. இல்லாத பக்கத்தை எதற்கு ஒருவர் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று உதட்டைப் பிதுக்கியவளுக்கு, அடுத்த நொடி நினைவு வந்தது.

எட்டு இருந்தது. ஒரே ஒரு சாயங்காலம், பென்சிலில் மட்டும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம் அளந்தபோது கணக்கு உதைத்தது. வெளியே அளந்தால் ஒரு நீளம். உள்ளே அறை அறையாக அளந்து கூட்டினால் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் குறைச்சல். நடைவழிக்கும் வேலை அறைக்கும் நடுவில் எங்கேயோ அந்த அறுபத்திரண்டு ஒளிந்திருந்தது. பென்சிலால் அங்கே ஒரு ஒல்லிக் கட்டம் போட்டு, அகலம் 62, நீளம் 340, ‘08?’ என்று எழுதினாள். திரும்ப அளக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் முதுகு வலி. அவள் ஆபீஸில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கணக்கு மூடாவிட்டால் தலைமை வரைவாளர் கண்ணாடியைக்கூட நிமிர்த்தாமல், “சுவருக்குக் குடுத்துடும்மா” என்பார். குறைகிற சென்டிமீட்டரையெல்லாம் ஏதோ ஒரு சுவரின் தடிமனில் சேர்த்துவிட்டால் படம் அழகாக மூடிக்கொள்ளும். யார் போய்ச் சுவரைப் பிளந்து பார்க்கப்போகிறார்கள்? அவளும் கொடுத்தாள். இருபத்திரண்டு சென்டிமீட்டர் சுவரை எண்பத்துநான்கு ஆக்கினாள். கதவு நிலையும் ஆழமாகத்தான் இருந்தது, பழைய வீடு, தடிச்சுவர் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எட்டை ரப்பரால் அழித்தாள்.

அழித்தது அவள். பார்த்ததும் அவள் மட்டும்தான்.

அந்தச் சுவரில்தான் இப்போது அவள் நாற்காலி முட்டிக்கொண்டு நின்றது.

தம்பியிடம் எட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்று மட்டும் கேட்டாள். அவன் தன் கணினியில் அதே திரையைத் திறந்து பார்த்துவிட்டு, “உங்க வீட்டு இணைப்பிலேர்ந்துதான்க்கா வருது. மாமாவோட பழைய போன் எதாவது டிராயர்ல ஆன்ல கிடக்கா?” என்றான். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். “ஆனா இது என்ன கூத்துனு தெரியலை. திரை அளவுன்னு ஒண்ணு காட்டும், போனா, கம்ப்யூட்டரானு கண்டுபிடிக்க. இதுல 62, 340னு போட்டிருக்கு. அப்படி ஒரு திரையே உலகத்துல கிடையாதே!”

அவள் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கணவன் வந்ததும்தான் மூச்சே வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். உடம்பெல்லாம் கிரீஸ் வாசனையோடு வருவான், அவளை ‘இன்ச்சு’ என்பான், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். சாப்பாட்டுத் தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, பழைய போனைத் தேடி எடுத்துக் காட்டினான். பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து கிடந்தது.

“ஒரே பக்கத்தை யாராவது அத்தனை தடவை தட்டுவாங்களா?” என்றாள்.

“தட்டுவாங்களே. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. பத்து பட்டன் இருக்கும், ஆனா ஒரே பட்டனைப் போட்டு அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. தன் மாடி எதுவோ அது.” ஒரு வாய் தண்ணீர் குடித்தான். “கதவு திறக்கிற வரைக்கும் விட மாட்டாங்க, இன்ச்சு.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவளுக்கு அந்த அறைக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆனால் என்னவென்று சொல்வது? சுவர் பிடிக்கவில்லை என்றா? குளியலறை அங்கேதான், மோடம் அங்கேதான், பிழைப்பும் அங்கேதான். அவன் படியில் இறக்கி, பிரேக்கை அழுத்திவிட்டு, அவள் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். வாசல் பூட்டு இரண்டு சுற்று சுற்றும் சத்தம் ஹாலைக் கடந்து, நடைவழியைக் கடந்து அவள் காதுக்கு வந்தது.

பிறகு வீட்டுச் சத்தங்கள். இவையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சமையலறையில் ஃபிரிட்ஜின் முனகல். படுக்கையறையில் அலாரம் கடிகாரத்தின் டிக் டிக். ஹாலில் அவன் எப்போதும் அணைக்க மறந்துவிட்டுப் போகும் மின்விசிறி, சுற்றுக்கு ஒருமுறை ‘கிர்க்’ என்று இடறும்.

மூன்று மணிக்கு ஒப்பந்தக்கார அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. ‘மன்னிக்கணும்மா, இன்னும் உங்க சைட்டைத் திறக்க நேரமே கிடைக்கலை. சனிக்கிழமை கண்டிப்பா பார்க்கிறேன்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள்.

04 — நடைவழி.

ஒரு சத்தம் கேட்டது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாது. பாதம் வைக்கும் சத்தம் இல்லை. துணியா, தோலா தெரியவில்லை, என்னவோ ஒன்று காரைச் சுவரோடு உரசிக்கொண்டே நகர்ந்தது. அகலமான நடைவழியில், தாராளமாக நடக்க இடம் இருக்கும்போது, ஒருவர் சுவரோடு சுவராக ஒருக்களித்துப் போவது போல. நேராக நடந்தே பழக்கமில்லாத ஒருவர் போல. ஸ்ஸ்ஸ். நிற்கும். ஸ்ஸ்ஸ்.

06 — வேலை அறை.

கதவு திறந்துதான் இருந்தது. அவள் திரும்பவில்லை. கழுத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, திரும்ப மறுத்தது. நனைந்த சுண்ணாம்பின் வாசனை முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் திறக்காத அலமாரியின் வாசனை. திரையில் நொடிகள் ஏறின. இரண்டு நிமிடம். ஐந்து. அவள் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது. பதினொன்றாவது நிமிடம் எண் மாறியது. 04. வாசனை கொஞ்சம் விலகியது.

கணவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சிக்னல் இருக்காது. ஐந்தேகாலுக்கு ஒருவழியாகத் தம்பி கிடைத்தான்.

“டேய், அது இங்க வருதுடா. நான் இருக்கிற ரூம் பக்கத்துல வந்து நிக்குது.”

“அக்கா, அது ஏதோ தானியங்கி நிரல். மனுஷனே கிடையாது. பயமா இருந்தா பக்கத்தைத் தூக்கிடு. பக்கமே இல்லைன்னா அங்க யாரும் நிக்க முடியாது. நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்.”

பக்கமே இல்லைன்னா யாரும் நிக்க முடியாது.

06-ஐ அழித்தாள். 07-ஐ அழித்தாள். உடனே அறைக்குள் மிச்சமிருந்த வாசனை, யாரோ துடைத்து எடுத்தது போலக் காணாமல் போயிற்று. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இது வேலை செய்கிறது! இனி அதனால் இங்கே வர முடியாது. அப்படியானால் வேறெங்கும்கூட வர முடியாதபடி செய்யலாமே. கோழியை வீட்டை விட்டு ஓட்டுவது போல, ஒவ்வொரு அறையாக அடைத்துக்கொண்டே போய், வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டால்?

05-ஐ அழித்தாள். அலாரத்தின் டிக் டிக் நின்றது.

03. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது.

கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாள். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோடத்தில் விளக்கு மினுங்கியது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

04-ஐ அழித்தாள். உரசல் சத்தம் வேகமாக நகர்ந்தது. 02 — ஹால். 02-ஐ அழித்தாள். மின்விசிறியின் ‘கிர்க்’ பாதியில் அறுந்தது.

01 — வாசல்.

ஐந்து நாற்பத்தெட்டு. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அவள் கண் இமைக்காமல் பார்த்தாள். போ. போய்விடு. இரண்டு நிமிடம். நான்கு. ஏன் போகவில்லை? ஆறு நிமிடம்.

வாசல் வெளியே பூட்டியிருந்தது.

நினைவு வந்ததும் மாவுக்கட்டுக்குள் காலே குளிர்ந்தது. இரண்டு சுற்றுப் பூட்டு. சாவி அவனிடம். அதை அவள் வெளியே தள்ளவில்லை. பூட்டிய கதவின் உள்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். ஆறு மணிக்கு அந்தக் கதவைத் திறக்கப்போவது யார்?

கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். மறுபடி. எடுங்களேன். எடுங்க. ‘உள்ள வராதீங்க’ என்று செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கான அடையாளம் விழவில்லை.

சந்தில் பைக் திரும்பும் சத்தம் கேட்டது.

06-ஐத் திரும்பப் போட்டால் அது இங்கே வந்துவிடும், அவனை விட்டுவிடும். கை விசைப்பலகைக்குப் போனது. போடவில்லை. அந்த இரண்டு நொடித் தயக்கத்துக்காக அவள் தன்னையே வெறுத்தாள். பைக் நின்றது. ஸ்டாண்ட் போடும் சத்தம். அப்போதுதான் தோன்றியது: அது கேட்டது 06 இல்லையே. முதல் நாளிலிருந்து ஒரே பட்டனைத்தானே அமுக்கிக்கொண்டிருக்கிறது.

எட்டு. தன் மாடி.

கொடுத்துவிடலாம். சுவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கொடுத்துவிடலாம்.

இருபது வருஷக் கை. நாலு கோடு. அகலம் 62. நீளம் 340. எண் 08. கதவில்லாத அறையை ஆபீஸில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார்கள். அவள் நினைப்பதற்கு முன்னாலேயே கை, வாசல் பக்கமாக ஒரு கதவையும் அது திறக்கும் வளைவையும் போட்டுவிட்டது. ஏற்றினாள். பூட்டில் சாவி நுழைந்தது. ஒரு சுற்று.

01 — வாசல்: 1.

இரண்டாம் சுற்று.

01 — வாசல்: 0.
08: 1.

அவள் முகத்தைக் கையில் பொத்திக்கொண்டு தேம்பினாள். கதவு திறந்தது. “இன்ச்சு!” என்ற குரல், அவனுடைய குரல், முழுசாக, சுகமாக. எதற்கு இத்தனை தடவை கூப்பிட்டாய் என்று என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான். ஷூ சத்தம். ஹாலைக் கடக்க ஆறு எட்டு. நடைவழிக்கு ஐந்து. அவள் தினமும் எண்ணுவாள்.

ஒன்று. இரண்டு.

நின்றுவிட்டது.

“என்ன இன்ச்சு இது?” குரலில் சிரிப்பு இருந்தது. “வாசல்ல நுழைஞ்சா ஒரே ஒரு கதவுதான் இருக்கு?”

அவள் பதில் சொல்வதற்குள் கதவு கீச்சிடும் ஓசை, எங்கோ தூரத்தில். அப்புறம் தூரத்தில் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள், காது உயரத்தில்.

“இங்க ஒரு ரூம் இருக்கு. நீ சொல்லவே இல்லையே?”

08: 2.

“வெளிய வாங்க!” என்று கத்தினாள். “என்னங்க, வெளிய வாங்க, இப்பவே!”

“இருட்டா இருக்கு. ஸ்விட்ச் எந்தப் பக்கம்?” தோள் இரண்டும் சுவரில் உரசும் சத்தம். “வந்த கதவைக் காணோமே.” அவன் கைப்பேசி அவள் தலைக்குப் பின்னால் மணியடித்தது, அவள்தான் அழைத்திருந்தாள், எப்போது என்று தெரியவில்லை. “இன்ச்சு, நீ எங்க இருக்கே? உன் குரல் கிட்டக்க கேக்குது.”

எங்கே இருக்கிறாள்? 06. அதைத்தான் அவள் முதலில் அழித்தாள்.

மேசைக்கு மேலே பார்த்தாள். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் இல்லை. ஒன்றும் இல்லை. இருட்டுகூட இல்லை, வரையாத தாளின் வெள்ளை.

08-ஐ அழிக்க முடியாது. அவன் உள்ளே. ஒரு வழிதான் இருந்தது. அவன் வந்து சேர ஓர் இடம் வேண்டும். இந்தத் தடவை அவள் தயங்கவில்லை. 06-ஐத் திரும்பப் போட்டாள். இரண்டு கைகளையும் மேசைமேல் அழுத்திக்கொண்டு எண்களைப் பார்த்தாள்.

08: 2.
06: 0.

வாங்க. வாங்க.

08: 1.
06: 1.

இடது பக்கம் கதவு திறந்தது. வந்துவிட்டான். படியில் இறங்கும் ஓசை. “என்னங்க…” என்றாள். கண்ணீர் மாவுக்கட்டின்மேல் சொட்டியது. நனைந்த சுண்ணாம்பின் வாசனை வந்தது. மாவுக்கட்டின் வாசனைதான் என்று நினைக்கப் பார்த்தாள்.

சுவருக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. இப்போது அதில் சிரிப்பு இல்லை.

“இன்ச்சு? இப்ப என்னை உரசிக்கிட்டு யாரோ வெளிய போனாங்க. அது நீதானே?”

நாற்காலியின் பிரேக் ‘டக்’ என்று விடுபட்டது.

அவளுடைய இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருந்தன.